எண்ணெயில் ஏறி வந்த மருந்து

மருந்தைத் தன்னந்தனியாக வயிற்றுக்குள் அனுப்பும் பழக்கம் மயிலாப்பூரில் இருந்ததே இல்லை. கச்சேரி ரோடு டப்பா செட்டி கடையில் சூரணம் கேட்டால் பொட்டலத்தோடு ஒரு பேச்சும் சேர்ந்தே வரும். தேனில் குழைக்கணுமா, நெய்யிலா, வெந்நீரிலா, மோரிலா? 1905-இல் இங்கே தொடங்கிய வேங்கடரமணா ஆயுர்வேத வைத்தியசாலைக்குப் போய்வந்த என் பாட்டிக்கு மருந்தின் பெயர் மறந்துபோகும், எதில் குழைத்துச் சாப்பிடுவது என்ற அனுபானம் மறக்காது. சித்த வைத்தியத்தில் உள்மருந்துகள் முப்பத்திரண்டு வகை. அதில் நெய் என்றே ஒரு வகை உண்டு, இளகம் என்று இன்னொன்று. வைத்தியர்களே கூடி 1944-இல் தொடங்கிய கூட்டுறவுப் பண்டகசாலையான இம்ப்காப்ஸ், திருவான்மியூரில் இன்றைக்கும் இவற்றைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறது. ஆங்கில வைத்தியம் தவிர வேறெதையும் தொடாத வீட்டில்கூட தீபாவளிக் காலையில் நல்லெண்ணெயும் நெய்யும் மிதக்கும் லேகியத்தை வெறும் வயிற்றில் உருட்டி விழுங்குகிறார்கள்.

இதை வைத்துக்கொண்டு சித்தர்களுக்கு நானோ தொழில்நுட்பம் தெரியும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நான் நம்புகிறவள் இல்லை. கசப்பு மறையும், வயிறு புண்ணாகாது, தண்ணீரில் கரையாத சரக்கு நெய்யில் கரையும். அவர்களுக்கு இவ்வளவு தெரிந்திருந்தது. மருந்தாளுநராகக் காலம் தள்ளிய எனக்கு அதுவே பெரிய விஷயமாகத்தான் படுகிறது.

என் அப்பா ராயப்பேட்டை ஹைரோட்டில், லஸ் பக்கமாக, மருந்துக்கடை வைத்திருந்தார். முன்னால் கண்ணாடி அலமாரி, பின்னால் தடுப்பு போட்ட ஒரு சின்ன அறை. டாக்டர் எழுதிய மிக்சரை அந்த அறையில்தான் அவர் கலப்பார். பல் பல்லாக வெட்டிய காகிதத் துண்டை பாட்டிலின் பக்கவாட்டில் ஒட்டுவார். ஒரு பல் ஒரு வேளைக்கு. அவர் கைப்பக்குவம் தெரிவது மீன் எண்ணெய் எமல்ஷனில். நாலு பங்கு எண்ணெய், இரண்டு பங்கு தண்ணீர், ஒரு பங்கு வேலம்பிசின் தூள். பீங்கான் கல்வத்தில் முதலில் எண்ணெயையும் பிசினையும் குழைத்துக்கொண்டு, தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றி, கை மாற்றாமல் ஒரே திசையில் வேகமாகத் தேய்க்க வேண்டும். மஞ்சள் எண்ணெய் திடீரென்று வெளுக்கும். அப்போது கல்வத்திலிருந்து சட் சட்டென்று ஒரு சத்தம் கிளம்பும். அந்தச் சத்தம் வந்தால் எமல்ஷன் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். வராவிட்டால் எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும், கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். கல்லாவில் உட்கார்ந்தபடியே அப்பா கேட்பார், "சத்தம் வந்துச்சாம்மா?" பள்ளிக்கூடத்துப் பாடங்களை எல்லாம்விட நான் முதலில் தேறிய பாடம் அதுதான்.

அவர் கல்வத்தில் உடைத்த எண்ணெய்த் துளிகள் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு அளவு. அந்தத் துளி எவ்வளவு சிறிதாகிறதோ அவ்வளவுக்கு மருந்து ரத்தத்தில் ஒழுங்காகச் சேரும் என்பதைப் பாடப்புத்தகத்தில் படித்தேன். ஆனால் அந்த ஒரு வரி மனிதர்களின் ஆயுளை எப்படி நீட்டியது என்பதைப் பார்த்தது கடைக் கவுண்டரில்.

மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் பி.பார்ம் முடித்துவிட்டு எழுபதுகளின் கடைசியில் நான் கடைக்கு வந்தபோது எங்கள் குளிர்சாதனப் பெட்டி முழுவதும் இன்சுலின். ராயபுரத்தில் டாக்டர் எம். விஸ்வநாதன் 1954-இல் தொடங்கிய சர்க்கரை ஆஸ்பத்திரியின் சீட்டோடு மயிலாப்பூரிலிருந்தும் மந்தைவெளியிலிருந்தும் வருவார்கள். மில்லிக்கு 40 யூனிட் புட்டி. மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் எடுத்தது. கண்ணாடிச் சிரிஞ்சியைக் கொதிக்கவைத்து, மழுங்கிய ஊசியைக் கல்லில் தீட்டிக்கூடப் போட்டுக்கொள்வார்கள். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லாதவர்கள் மண்பானைத் தண்ணீருக்குள் புட்டியை இறக்கி வைப்பார்கள். கவுண்டரில் யார் வந்தாலும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இதுக்கு மாத்திரை வராதாம்மா?"

வராது என்பதற்குக் காரணம் சிக்கலானதல்ல. இன்சுலின் என்பது 51 அமினோ அமிலங்கள் கோத்த பெப்டைடு. வயிற்றுக்கு இன்சுலினும் ஒன்றுதான், சாம்பாரில் வெந்த பருப்பும் ஒன்றுதான். இரண்டையும் வெட்டித் துண்டாக்கிச் சீரணித்துவிடும். 1922 ஜனவரி 11 அன்று டொரண்டோவில் பதினான்கு வயது லியனார்டு தாம்சனுக்கு முதல் ஊசி போட்டார்கள். அடுத்த வருஷமே பிரிட்டனில் அதைச் சாராயத்தில் கரைத்து வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. நம்பும்படி ஒன்றும் நடக்கவில்லை. அன்றிலிருந்து இந்த ஆசைக்கு ஓய்வே இல்லை.

பெப்டைடு என்ற சொல் எங்கள் பக்கத்துக்கு அன்னியமும் அல்ல. அந்தச் சங்கிலி எப்படியெல்லாம் மடங்கலாம், எப்படி மடங்கவே முடியாது என்று கணக்குப் போட்டுக் காட்டியது அடையாற்றை ஒட்டிய கிண்டி வளாகத்தில்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரன் 1954-இல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் மூன்று புரியாக முறுக்கிய கயிறு என்றார். தோல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருந்ததும், கங்காரு வாலின் தசைநாண் கிடைத்ததும் அவருக்குக் கைகொடுத்தன. 1963-இல் அவரும் சசிசேகரனும் ராமகிருஷ்ணனும் வெளியிட்ட வரைபடம் உலகம் முழுவதும் அவர் பெயராலேயே வழங்குகிறது. பி.பார்ம் வகுப்பில் அந்தப் பெயரைச் சொன்னபோது எங்களுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பரீட்சையில் அந்தக் கோணங்களை வரையச் சொன்னபோது குனிந்துகொண்டது.

வாய்வழியாக வந்து நின்ற பெப்டைடு இன்சுலின் அல்ல, வேறொன்று. நார்வேயில் ஹார்டாங்கர்விடா என்ற மேட்டுநிலத்து மண்ணில் இருந்த ஒரு பூஞ்சை. ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் சாண்டோஸ் கம்பெனிக்காரர்கள் அதிலிருந்து பிரித்த பொருள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்குகிறது என்று 1972-இல் கண்டார்கள். ஜான் போரெல் அந்த வேலையின் முன்வரிசையில் இருந்தவர். கேம்பிரிட்ஜில் ராய் கால்ன் 1978-இல் அதைச் சிறுநீரகம் மாற்றியவர்களுக்குக் கொடுத்தார். 1983-இல் அமெரிக்கா அனுமதித்தது. பெயர் சைக்ளோஸ்போரின். பதினொரு அமினோ அமிலங்கள், வாலும் தலையும் ஒட்டிய வளையம். வளையமாக இருப்பதாலும், பிணைப்புகள் பலவற்றில் மெத்தில் தொகுதி ஏறியிருப்பதாலும் குடலின் நொதிகளால் அதை வெட்ட முடியவில்லை. வயிற்றில் தப்பித்துவிட்டது. அதற்கு வேறொரு தொல்லை: தண்ணீரில் கரையவே கரையாது. ஆகவே பாசல்காரர்கள் என் பாட்டியின் வைத்தியர் செய்ததையே செய்தார்கள், கொழுப்பில் குழைத்தார்கள். ஆலிவ் எண்ணெயும் கொஞ்சம் சாராயமும் சேர்ந்த மஞ்சள் திரவம், மில்லிக்கு 100 மில்லிகிராம்.

அதே 1983-இல்தான் கிரீம்ஸ் லேனில் அப்போலோ திறந்தது. வேலூர் சி.எம்.சி.யில் 1971-லிருந்தே சிறுநீரகம் மாற்றினார்கள், அசதயோபிரினும் பிரெட்னிசலோனும் கொடுத்து. எண்பதுகள் நகர நகர மெட்ராஸிலும் மாற்றுச் சிகிச்சை பெருகியது. எங்கள் கவுண்டருக்கும் அந்த மஞ்சள் பாட்டிலுக்கான சீட்டு வரத் தொடங்கியது.

எங்களிடம் முதலில் வந்தவர்களில் ஒருவர் உஸ்மான் ரோட்டில் பாத்திரக்கடை வைத்திருந்த அண்ணாச்சி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கிட்னி கொடுத்தது அவருடைய அக்கா. பாட்டிலோடு வந்த தாளை நான் அவருக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். அளவைப் பீச்சாங்குழலில் எடுத்து, அறைச்சூட்டில் இருக்கும் பாலிலோ ஆரஞ்சு ஜூஸிலோ விட்டு, நன்றாகக் கலக்கி உடனே குடிக்க வேண்டும். தம்ளரில் இன்னும் கொஞ்சம் பால் விட்டுச் சுழற்றி அதையும் குடிக்க வேண்டும். குழலைத் தண்ணீரில் கழுவாமல் துணியால் துடைக்க வேண்டும். பிளாஸ்டிக் ஆகாது, மருந்து ஒட்டிக்கொள்ளும், கண்ணாடித் தம்ளர்தான்.

"நம்ம வீட்டுல எவர்சில்வர் தவிர ஒரு சாமானும் கிடையாதே பாப்பா" என்றார் அண்ணாச்சி. கடை முழுக்கத் தம்ளராக அடுக்கிவைத்திருந்த மனிதர் பாண்டி பஜாரில் ஒரு கண்ணாடித் தம்ளரைக் காசு கொடுத்து வாங்கினார்.

ஒரு நாள் அவர் மகன் ஓடிவந்தான், மருந்து கூழாகிவிட்டது என்று. விலை அதிகமான மருந்தாயிற்றே என்று வீட்டில் பத்திரமாக ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறார்கள். இன்சுலினைப் பார்த்துப் பழகிய ஊர். அருமையான மருந்தென்றால் ஐஸில் இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் எண்ணம். எண்ணெயைக் குளிரவைத்தால் உறைந்துதானே போகும்? வெளியே எடுத்துவைக்கச் சொன்னேன், இளகிவிட்டது. அதற்குப்பின் அந்தப் பாட்டிலை எடுத்துக்கொடுக்கும்போதெல்லாம் என் வாயில் வரும் முதல் வாக்கியம் "ஃபிரிட்ஜில் வைக்காதீங்க" என்பதுதான்.

உண்மையான கஷ்டம் அந்த எண்ணெய்க்குள் இருந்தது. பாலில் ஊற்றிக் கலக்கினாலும் துளிகள் பெரிது பெரிதாகத்தான் நிற்கும், அப்பாவின் முதல் கை எமல்ஷன் மாதிரிக்கூட இல்லை. மேற்கொண்டு அதை உடைக்க வேண்டியது உடம்பின் பித்தநீர். பித்தம் ஒருவருக்கு ஊறுவது போல இன்னொருவருக்கு ஊறாது. விழுங்கியதில் சிலருக்குப் பத்தில் ஒரு பங்குகூட ரத்தத்தில் சேராது, சிலருக்குப் பத்தில் ஒன்பது பங்கின் அருகில் சேர்ந்துவிடும். கல்லீரல் மாற்றியவர்களுக்குப் பித்தத்தைக் குழாய் வைத்து வெளியே எடுத்திருக்கும் நாட்களில் வாய்வழி கொடுப்பதே வீணாகிவிடும். ஒரே ஆளுக்கே நாளுக்கு நாள் மாறும். அண்ணாச்சிக்கு அமாவாசை விரதம் உண்டு, ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறியும் உண்டு. கொழுப்பு கூடிய சாப்பாட்டோடு போனால் மருந்து ஒரு கணக்கில் ஏறும், வெறும் வயிற்றில் வேறு கணக்கு. ரத்தத்தில் குறைந்தால் உடம்பு அக்காவின் கிட்னியை அன்னியம் என்று தள்ளும். கூடினால் அந்த மருந்தே அதே கிட்னியைக் கெடுக்கும். இரண்டுக்கும் நடுவே இருந்த சந்து மிகவும் குறுகல். கை நடுக்கம், ஈறு வீங்கிப் பல்லை மூடுவது, முகத்தில் முடி வளர்வது எல்லாம் இதற்கு மேல். கல்யாண வயதில் இருந்த ஒரு பெண் அந்த முடிக்காகவே மருந்தை நிறுத்திவிடுவேன் என்று என் கவுண்டரில் நின்று அழுதிருக்கிறாள்.

விலையைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. ஆபரேஷனுக்கு நகையை விற்றவர்கள் மருந்துக்கு வீட்டை விற்றார்கள். முதல் வருஷம் முடிந்ததும் சைக்ளோஸ்போரினைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தி, மலிவான இரண்டு மாத்திரைகளில் ஓட்டுவது இந்த நாட்டில் பரவலாக இருந்த வழி. இன்னொரு வழியும் இருந்தது. நம் டாக்டர்களின் சாமர்த்தியத்தை நான் வியந்தது அதில்தான். படைக்கான கீட்டோகொனசோலோ, ரத்தக்கொதிப்புக்கான டில்டியாஸமோ சேர்த்துக் கொடுத்தால் ஈரல் சைக்ளோஸ்போரினை மெதுவாகத்தான் அழிக்கும், பாதி அளவே போதுமானதாகிவிடும். மேல்நாட்டில் இந்த மருந்துகள் மோதிக்கொள்ளும் என்று எச்சரிக்கைப் பட்டியலில் போட்டிருந்த சங்கதியை இங்கே செலவைக் குறைக்கும் வழியாக்கினார்கள். கிரேப்ஃப்ரூட்டும் அதே வேலையைச் செய்யும், ஆனால் பழத்தை நம்பி அளவு பார்க்க முடியாது. அதன் உறவான பம்பளிமாஸையும் தொடாதீர்கள் என்று நான் சொல்லி அனுப்புவேன்.

இன்னொரு விஷயத்தையும் மறைக்கக் கூடாது. சொந்த ரத்தத்தின் கிட்னிதான் ஒட்டும் என்ற நிலையைத் தளர்த்தியது இந்த மஞ்சள் எண்ணெய். முன்பின் தெரியாதவரின் உறுப்பும் ஒட்டும் என்றானதும் வில்லிவாக்கத்துக்கு எண்பதுகளில் வேறு பெயர் கிடைத்தது, கிட்னிவாக்கம் என்று. கடன்காரர்கள் வாசலில் நிற்க, உறுப்பை விற்றார்கள் அங்கே இருந்த ஏழைகள். பணம் கொடுத்து வாங்கலாமா என்று உலகமே வாதாடியபோது இரண்டு பக்கத்திலும் இதே ஊர் டாக்டர்கள் இருந்தார்கள். அப்போலோவின் எம்.கே. மணி கூடவே கூடாது என்று எழுதினார். கே.சி. ரெட்டி, வாங்காவிட்டால் சாகவிடுவதா என்று திருப்பிக் கேட்டார். நான் மணி கட்சி. பாட்டிலை விற்று லாபம் பார்த்த எனக்கு அப்படிச் சொல்ல என்ன யோக்கியதை என்று என் கணவர் கேட்பார், அதுவும் நியாயம்தான். 1994-இல் மத்திய அரசு விற்பனையைத் தடை செய்து சட்டம் போட்டது. மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்பைக் கொடுக்கும் வழக்கம் இங்கே வேரூன்றியதற்கு 2008-இல் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்தது பெரிய தூண்டுதல்.

தொண்ணூறுகளின் நடுவில் புதிய சரக்கு வந்தது. உள்ளே இருந்தது அதே பதினொரு அமினோ அமில வளையம்தான், மாறியது அனுபானம். மக்காச்சோள எண்ணெயிலிருந்து எடுத்த கொழுப்புகள், கொஞ்சம் சாராயம், கூடவே ஆமணக்கெண்ணெயைப் பதப்படுத்திச் செய்த ஒரு பொருள். சனிக்கிழமை பேதிக்கு மூக்கைப் பிடித்துக் குடித்தோமே, அதே ஆமணக்குதான். இந்தக் கலவை தண்ணீரைத் தொட்ட மாத்திரத்தில் தானாகவே உடைந்து, 100 நானோமீட்டருக்கும் சிறிய துளிகளாகப் பரவும். கல்வம் வேண்டாம், கை வேண்டாம், பித்தநீருக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். மைக்ரோஎமல்ஷன் என்றார்கள். சாண்டோஸின் நியோரல் முதலில்; பின்னால் பனேசியா பயோடெக்கின் பானிமன் பயோரல் வந்து விலையை இறக்கியது.

புதிய மருந்து அதிக வீரியமுள்ளது என்று ரெப்கள் சொன்னார்கள். என் கணக்கில் அதுவல்ல பெரிய விஷயம். இன்றைக்குச் சேர்ந்த அளவே நாளைக்கும் சேர்ந்தது. அமாவாசையும் ஆட்டுக்கறியும் முன்போல ஆட்டிவைக்கவில்லை. அதனால் ரத்தப் பரிசோதனைக்கு அடிக்கடி ஓட வேண்டியதில்லை, டாக்டர் பயத்தில் கொஞ்சம் கூட்டிவைக்க வேண்டியதில்லை, கிட்னிக்கு வீண் அடி விழவில்லை. ஆனால் மாற்றும் நேரம் ஆபத்தானது. பழைய அளவையே புதிய குளிகையில் விழுங்கினால் ரத்தத்தில் எகிறிவிடும். பெயர் ஒன்றுதானே, அலமாரியில் இருப்பதைக் கொடுங்கள் என்று கேட்டவர்களை டாக்டரிடம் திருப்பி அனுப்பியிருக்கிறேன், சண்டை போட்டுத்தான். அண்ணாச்சி பழைய கண்ணாடித் தம்ளரை விடவில்லை. குளிகைக்கு எதற்குத் தம்ளர் என்றால், "கைராசி பாப்பா" என்பார். சில வருஷம் கழித்து டாக்ரோலிமஸுக்கு மாற்றினார்கள். அது பெப்டைடு இல்லை, ஆகவே இந்தக் கதையில் அதற்கு இடமில்லை.

இதெல்லாம் நடக்கும்போது இன்சுலின்காரர்கள் சும்மா இருக்கவில்லை. கொழுப்பால் ஆன நுண்குமிழிகளை அலெக் பாங்கம் அறுபதுகளில் கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கண்டிருந்தார். 1976-இல் அந்தக் குமிழிக்குள் இன்சுலினை அடைத்து எலிகளின் வயிற்றில் விட்டுப் பார்த்தார்கள், சர்க்கரை இறங்கியது. பத்திரிகைகளில் படித்துவிட்டு, மாத்திரை வராதா என்று கேட்டவர்களுக்கு நானும் நம்பிக்கை சொன்னேன். ஆனால் சைக்ளோஸ்போரினுக்கு உதவிய பித்தநீர் இங்கே எதிரியாகிவிட்டது. சோப்பு போன்ற அந்த உப்புகள் குமிழியையே கரைத்து, உள்ளே இருந்த இன்சுலினை நொதிகளுக்கு இரையாகக் கொடுத்தன. எண்ணெயை விரும்பாத, தண்ணீரில் கரையும் பொருளை எண்ணெய்க்குள் பூட்டிவைப்பது வேறு வேலை, எண்ணெயிலேயே கரைவதை ஏற்றி அனுப்புவது வேறு வேலை. தொண்ணூறுகளில் அறைச்சூட்டில் உறைந்தே இருக்கும் கொழுப்பில் நுண்துகள் செய்தார்கள், குமிழியைவிட உறுதி என்று. பெங்களூரில் பயோகான் வேறு வழியில் போனது: இன்சுலினில் ஒரு சிறு வாலை ஒட்டி மாத்திரையாக்கினார்கள். 2011-இல் மூன்றாம் கட்டச் சோதனை கரை சேரவில்லை. கோவிட் தடுப்பூசி வந்தபோது லிப்பிட் நானோதுகள் என்ற பெயர் டீக்கடை வரை போயிற்று. அதுவும் ஊசிதான், வாயில் போடுவதல்ல. ஆராய்ச்சிக்கூடங்களில் அந்தத் துகள்களுக்கு மேல்பூச்சு போட்டு, குடலைத் தாண்டவைக்க இன்னும் முயல்கிறார்கள். எங்கள் அலமாரிக்கு ஒன்றும் வந்து சேரவில்லை.

வந்து சேர்ந்தது இன்சுலினின் தூரத்து உறவு. செமாக்ளூடைடு என்ற பெப்டைடு, சர்க்கரைக்கான மாத்திரையாக 2022-இல் இந்தியாவுக்கு வந்தது. அதிலும் கொழுப்பு இல்லாமல் இல்லை. மருந்தின் உடம்பிலேயே ஒரு நீளமான கொழுப்பமில வால் ஒட்டியிருக்கிறது. மாத்திரையில் கூடச் சேர்த்திருக்கும் பொருள் எட்டு கார்பன் கொழுப்பமிலத்தின் வழிவந்தது; அந்த அமிலம் நம் தேங்காயெண்ணெயில் இருக்கிறது. வயிற்றுச் சுவரில் மாத்திரை ஒட்டிய இடத்தில் மட்டும் அது புளிப்பைத் தணித்து, மருந்தை உள்ளே நுழையவிடும். அப்படியும் ரத்தத்தில் சேருவது நூற்றுக்கு ஒரு பங்கு அளவுதான். அந்த ஒரு பங்குக்காகத்தான் அவ்வளவு கெடுபிடி: காலையில் வெறும் வயிறு, அரைத் தம்ளருக்கு மேல் போகாத வெறும் தண்ணீர், அதன்பின் அரை மணி நேரம் எதுவும் ஆகாது. டப்பா செட்டி கடையில் சொல்வது போல நானும் சீட்டைப் பிடித்துக்கொண்டு அனுபானம் சொல்லத் தொடங்கினேன்.

மாட வீதியிலிருந்து வரும் ஒரு மாமாவுக்குப் பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினேன். இன்சுலினுக்கு மாத்திரை வராதா என்று என் அப்பாவைக் கேட்டவர் அவர். அப்போது அவர் அம்மாவுக்காக.

"காபி மட்டும் குடிக்கலாமோன்னோ?"

"கூடாது மாமா. அரை மணி கழிச்சுத்தான்."

"பால் விடாம?"

"அதுவும் கூடாது."

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதே மருந்து ஊசியாகக் கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்கும், வாரத்துக்கு ஒருமுறைதான் என்றேன்.

"அப்ப ஊசியே எழுதித் தரச் சொல்றேன்" என்று அட்டையைக் கவுண்டரில் வைத்துவிட்டு, டாக்டரைப் பார்க்கக் கிளம்பினார்.